வெட்டிய நேரம்

கண்ணில் ஒரு நூல் பிசிறு பட்டுவிட்டால் போதும், கத்திரியக்காவின் கை அதை வெட்டாமல் திரும்பாது. இருபத்திரண்டு வருஷமாகச் சட்டைத் தொழிற்சாலையில் பிசிறு வெட்டும் மேஜையில் நிற்கிறவள் அவள். தைத்து முடித்த சட்டையைக் கையில் வாங்கி, காலர், தோள், கை, பை, கீழ்மடிப்பு என்று ஒரு சுற்றுச் சுற்றி, நீட்டிக்கொண்டிருக்கிற நூலையெல்லாம் விரலில் மாட்டிய சின்னக் கத்திரியால் நறுக்கித் தள்ளிவிட்டு அடுத்ததை இழுப்பாள். ஒரு சட்டைக்கு ஒரு நிமிஷம் முழுசாக ஆகாது. பேருந்தில் முன்னால் நிற்கிற ஆள் யாரென்றே தெரியாது, அவர் முதுகில் நூல் தொங்கினால் அதையும் வெட்டிவிட்டுத்தான் இறங்குவாள். ஒருதரம் நின்று பேசிக்கொண்டிருந்த சூப்பர்வைசரின் கைப்பக்க நூலை வெட்டப்போய், பட்டனே கழன்று அவர் டீ கிளாசில் விழுந்தது.

“கத்திரியக்கா” என்று வேகமாகக் கூப்பிட்டால் காய்கறிக் கடையில் கேட்கிற மாதிரி இருக்கும். தையல் மெஷின் பெண்கள் வேண்டுமென்றே வேகமாகத்தான் கூப்பிடுவார்கள்.

“கூப்பிடுங்கடி, நல்லா கூப்பிடுங்க. உங்க நாக்குலயும் ஒருநாள் பிசிறு நீட்டிக்கிட்டு நிக்கும், அன்னைக்குப் பாத்துக்கறேன்” என்பாள்.

அவளுக்கென்று இருக்கிற சொந்தம் தம்பி ஒருவன்தான். கட்டியவன் போய்ச் சேர்ந்து வருஷம் பல ஆயிற்று. தம்பி அதே தொழிற்சாலைக்கு வேன் ஓட்டுகிறான். தம்பி பெண்டாட்டிக்கும் அங்கேயே வேலை, பட்டன் தைக்கிற மெஷினில். அதனால் ஊர் உலகத்துக்கே அவள் பேர் பட்டன். தொழிற்சாலையிலிருந்து மூன்று தெரு தள்ளி, மாடியில் இரண்டு அறை வீடு. மூன்று பேரும் அங்கேதான்.

பட்டனுக்குப் பத்து வயதில் வந்த சர்க்கரை வியாதி. மாத்திரையில் அடங்குகிற வகை இல்லை அது. அவள் உடம்பு இன்சுலினை ஒரு சொட்டுகூடச் சுரக்காது. இடுப்பில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பம்பு மாட்டியிருப்பாள். அதிலிருந்து மெல்லிய வெள்ளைக் குழாய் ஒன்று கிளம்பி, வயிற்றில் ஒட்டியிருக்கிற பிளாஸ்திரிக்குள் போகும். ராத்திரி பகல் பாராமல் அதன் வழியாக மருந்து துளித்துளியாக இறங்கும். சாப்பிடும்போது அவளே கணக்குப் பார்த்து, பொத்தானை அழுத்திக் கூடுதலாக விட்டுக்கொள்ள வேண்டும். மருந்து நின்றுபோனால் நாலைந்து மணி நேரத்தில் சர்க்கரை எகிறி, வாந்தி வந்து, மூச்சு வாங்கி, ஆளை மயக்கத்தில் தள்ளிவிடும். கூடிப்போனாலும் மயக்கம்தான், அது இன்னும் சீக்கிரமாக வரும். இப்படி இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டின வரப்பில் நடக்கிற பிழைப்பு அவளுடையது.

பெண் பார்த்துவிட்டு வந்த அன்றைக்குக் கத்திரியக்கா, “பாட்டரி போட்டாத்தான் ஓடுற பொண்ணு நமக்கு எதுக்குடா?” என்று தம்பியிடம் கேட்டாள். அதோடு விட்டாளா? மறுநாள் பிசிறு மேஜையிலும் அதையே சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்தாள். பட்டன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தப் பேச்சு அவள் காதுக்குப் போய்விட்டது. பட்டன் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. “அண்ணி, சாப்பிட்டீங்களா”, “அண்ணி, குடையை எடுத்துக்கங்க” என்று நாலு வருஷமாக மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த மரியாதைதான் கத்திரியக்காவுக்கு முள்ளாகக் குத்தும். சண்டை போட்டிருந்தால் திருப்பிப் பேசித் தீர்த்திருப்பாள்.

அன்றைக்கு மூன்றாம் நாள் மழை. தகரக்கூரை மேல் விழுந்த சத்தத்தில் மெஷின் சத்தமே அமுங்கிப் போயிற்று. மறுநாள் சரக்கு ஏற்றுகிற நாள், நாலாயிரம் சட்டை. எல்லாரும் நனைந்துகொண்டுதான் வந்தார்கள், நனைந்த துணியோடுதான் உட்கார்ந்தார்கள். யார் இடுப்பு ஈரம், யார் முதுகு ஈரம் என்று பார்க்க அங்கே ஒருத்தருக்கும் நேரமில்லை.

மத்தியானம் ஒரு மணிக்குச் சோற்று டப்பாவைத் திறக்கும் முன் பட்டன் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷினில் பார்த்தாள்.

“இருநூத்தித் தொண்ணூறு காட்டுது அண்ணி.”

“அந்த பன்னுதான்டி. பத்து மணிக்கு டீயோட தின்னியே, மேல பூரா சீனி தூவியிருந்தான் பாவி.”

“அதுக்குத்தான் பம்புல அழுத்திட்டேனே.”

“குறைச்சு அழுத்தியிருப்ப. கண்ணளவுதானே போடுற.”

பட்டன் பம்பைக் கையில் எடுத்தாள். சாப்பாட்டுக்கும், ஏறியிருக்கிற சர்க்கரைக்கும் சேர்த்து ஒன்பது யூனிட் அழுத்தினாள். பம்பு வழக்கம்போல ‘கிர்’ரென்று மருந்து தள்ளியது. இரண்டரைக்குத் தண்ணீர் பாட்டில் இரண்டு காலியாகியிருந்தது, கழிப்பறைக்கு மூன்று தடவை போய்வந்துவிட்டாள். மறுபடி குத்திப் பார்த்தால் முந்நூற்று எண்பது. பிளாஸ்திரியைத் தடவிப் பார்த்தாள், சரியாகத்தான் ஒட்டியிருந்தது. குழாயில் அடைப்பு இருந்தால் பம்பு கத்தும். கத்தவில்லை. இன்னொரு ஆறு யூனிட் அழுத்தினாள்.

மூன்று மணிக்குக் கைகழுவுகிற தொட்டியில் சோறு அத்தனையையும் வாந்தி எடுத்தாள். சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்தார்.

“மாசமா இருக்காளா?”

“உங்க வாய்க்கு ஒரு பூட்டுப் போடணும் சார்” என்றாள் கத்திரியக்கா. “சர்க்கரை ஏறிப்போச்சு. நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அரைநாள் கூலி வெட்டுறதா இருந்தா வெட்டிக்கங்க.”

மூன்று தெரு நடக்க அரை மணி ஆயிற்று. தெருமுனையில் முழங்கால் அளவு தண்ணீர். பட்டன் நாலடி நடப்பாள், சுவரைப் பிடித்து நிற்பாள். அவள் தோளைப் பிடித்திருந்த கத்திரியக்காவுக்கு அவள் மூச்சு முகத்தில் பட்டது. அழுகின பழத்தின் நெடி அடித்தது அதில். கத்திரியக்காவுக்குப் பயம் அப்போதுதான் பிடித்தது.

“ஏன்டி இப்படி மூச்சு வாங்குற?”

“தெரியல அண்ணி. உள்ள இழுத்துக்கிட்டே இருக்கணும்போல இருக்கு.”

வீட்டில் தம்பி தலையைத் துவட்டிக்கொண்டு நின்றான். பாலம் முங்கிவிட்டதென்று வேனைப் பாதி வழியில் போட்டுவிட்டு நடந்தே வந்திருந்தான். ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம். பெண்டாட்டி முகத்தைப் பார்த்ததும் துண்டைக் கீழே போட்டான்.

விரலைக் குத்தினார்கள். நானூற்று எண்பத்தாறு. மூத்திரத்தில் நனைத்துப் பார்க்கிற பட்டை ஒன்று உண்டு, இன்சுலின் இல்லாமல் உடம்பில் நஞ்சு சேர்ந்தால் நிறம் மாறும். கழிப்பறையிலிருந்து பட்டன் அதைக் கொண்டுவந்து காட்டினாள். கத்தரிப்பூ நிறத்தையும் தாண்டிக் கறுத்திருந்தது.

“இவ்வளவு மருந்து போயிருக்கே” என்று தம்பி பம்பின் கணக்கைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். “பத்து மணிக்கு நாலு. ஒரு மணிக்கு ஒம்பது. ரெண்டரைக்கு ஆறு. அப்புறம் ஏன் இறங்கல?”

அவள் சட்டையைத் தூக்கினான். இடுப்புத் துணியைத் தொட்டு விரலை முகர்ந்தான். மழை ஈரம் இல்லை அது, மருந்தின் ஆஸ்பத்திரி வாசனை. குழாயைப் பிடித்து இழுத்தான். முதுகுப் பக்கம் பம்புக்கு நாலு விரற்கடை தள்ளி, அது இரண்டு துண்டாகக் கையோடு வந்தது.

“அறுந்திருக்கு” என்றான். பிறகு நுனியை வெளிச்சத்தில் பிடித்தான். “அறுகலை. வெட்டுப்பட்டிருக்கு. கத்திரி வெட்டு.”

 பட்டன் கட்டிலில் சாய்ந்தபடி ஒரே ஒரு தடவை கண்ணைத் தூக்கிக் கத்திரியக்காவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உடனே கண்ணை எடுத்துக்கொண்டாள்.

 காலையில் கேட்ட ஒரு சத்தம் கத்திரியக்காவின் காதுக்குள் திரும்ப வந்தது. நூல் வெட்டினால் சத்தம் வராது. இது ‘டிக்’ என்றது. சட்டையில் விலைச்சீட்டு மாட்டுகிற பிளாஸ்டிக் இழை ஒன்று உண்டு, அதை வெட்டினால் அப்படித்தான் கேட்கும். பட்டனிடம் சட்டைப் பண்டல் வாங்கப் போனபோது அவள் சட்டைக்குக் கீழே ஏதோ வளையமாகத் தொங்கியது. கண் பார்த்தது, கை போயிற்று, டிக். விலைச்சீட்டு இழை என்றுகூட நினைக்கவில்லை. எதையுமே நினைக்கவில்லை. அதுதான் உண்மை, ஆனால் எந்த நாய் அதை நம்பும்?

தம்பி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் சத்தமாக வைத்தான். அந்தப் பக்கம் சர்க்கரைப் பிரிவு நர்ஸம்மா. அவளிடம் பம்பின் கணக்கு முழுவதையும் சொன்னான்.

“புதுக் குழாய் இருக்கா? இருந்தா மாத்துங்க. ஆனா இப்ப அதை மட்டும் நம்ப முடியாது, ஊசி போடணும். சிரிஞ்சும் மருந்தும் இருக்கா?”

“ஃபிரிட்ஜ்ல இருக்கு மேடம். எவ்வளவு போட?”

“அதான் கேள்வி. குழாய் எப்ப வெட்டுப்பட்டுச்சு?”

“தெரியலையே.”

“தெரிஞ்சே ஆகணும் சார். காலைலயே வெட்டுப்பட்டிருந்தா மத்தியான மருந்து ஒண்ணும் உடம்புல இல்ல, பத்து யூனிட் போடணும். இப்ப, வர்ற வழியில வெட்டுப்பட்டிருந்தா ஒம்பதும் ஆறும் உள்ளேதான் இருக்கு. அதுக்கு மேல பத்து போட்டா, கொஞ்ச நேரத்துல சரசரன்னு இறங்கி ஃபிட்ஸ் வந்துடும். பக்கத்துல யாராவது இருந்தாங்களா?”

தம்பி திரும்பிப் பார்த்தான்.

“எனக்கென்னடா தெரியும்?” என்றாள் கத்திரியக்கா. “நான் என் மேஜையில நின்னுக்கிட்டிருந்தேன்.”

“சரி, டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடறேன்” என்றாள் நர்ஸம்மா. “தெரியலைன்னா பாதிதான் போடச் சொல்வாரு. அது பத்துமான்னு சொல்ல முடியாது. பாலம் திறந்தா உடனே கிளம்புங்க. அதுவரைக்கும் தண்ணி கொடுங்க, கொஞ்சம் கொஞ்சமா.”

கத்திரியக்கா தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் அடுப்பங்கரைக்குள் போய் நின்றாள்.   சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தம்பி நம்பமாட்டான். தொழிற்சாலையில் ஒருத்தி நம்பமாட்டாள். பாட்டரிப் பொண்ணு என்று பழித்தவள் கடைசியில் பாட்டரியைப் பிடுங்கிவிட்டாள் என்பார்கள். நாளைக்கு எங்கே போய்ப் படுப்பது? சொல்லாவிட்டால்? பாதி மருந்து போடுவார்கள். ஒருவேளை அதுவே போதும். பாலம் திறந்துவிடும். எத்தனையோ தடவை பிழைத்தவள்தானே அவள்.

உள்ளேயிருந்து மூச்சுச் சத்தம் கேட்டது. அடுப்பங்கரை வரைக்கும் கேட்டது. சுவரில் இருந்த கடிகாரத்தை அவள் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. தம்ளர் நிரம்பித் தண்ணீர் கையில் வழிந்தது. கால் மணி நேரம் அப்படியே நின்றாள்.

“அக்கா, தண்ணி என்னாச்சு?” என்று தம்பி கத்தினான். அவன் குரல் சின்ன வயதில் நாய் துரத்தினபோது கத்தினானே, அப்படி இருந்தது.

அவள் தம்ளரோடு போனாள். பட்டனின் உதடு வெடித்திருந்தது. இரண்டு வாய் குடித்தாள். “நல்லாயிருக்கு அண்ணி” என்றாள். அந்த ஒரு சொல்லைக் கத்திரியக்காவால் தாங்க முடியவில்லை. அதற்குள் போன் அடித்தது.

“டாக்டர் பாதிதான் போடச் சொல்றாரு. அஞ்சு யூனிட்” என்றாள் நர்ஸம்மா.

“நான்தான் வெட்டினேன்” என்றாள் கத்திரியக்கா.

தம்பி போனோடு அவள் பக்கம் திரும்பினான்.

“நான்தான்டா. காலைல பண்டல் வாங்கப் போனேன். வளையமாத் தொங்குச்சு. சீட்டு இழைன்னு கை வெட்டிடுச்சு. சாமி சத்தியமா தெரியாம நடந்ததுடா.”

“தெரியாமயா?” என்றான் தம்பி. “நீயா? தெரியாமயா?”

“சார், சண்டையை அப்புறம் வச்சுக்கங்க” என்றது போன். “அம்மா, நீங்க சொல்லுங்க. எத்தனை மணிக்கு?”

“ரெண்டு தடவை பண்டல் வாங்கினேன்மா. டீ முடியுறப்ப ஒண்ணு, சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு.”

“அதுல எப்ப?”

கத்திரியக்கா கண்ணை மூடினாள். நீலச் சட்டை முதல் பண்டலா, வெள்ளைச் சட்டையா? எல்லாச் சட்டையும் ஒன்றாகக் குழம்பியது. அவள் சட்டையை விட்டுவிட்டு ஆளை நினைத்துப் பார்த்தாள். பட்டன் எழுந்து நின்று பண்டலைத் தூக்கிக் கொடுத்தாள். “எண்ணிட்டியாடி?” என்று கேட்டதற்கு வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினாள்.

“பன்னு வாயில இருந்துச்சு” என்றாள் கத்திரியக்கா. “பேச முடியாம தலையை ஆட்டினா. டீ நேரம்தான். பத்தே கால். அப்பத்தான் பன்னுக்கு மருந்து அழுத்தியிருப்பா, பம்பை வெளிய எடுத்தப்ப குழாய் தொங்கியிருக்கு. ரெண்டாவது தடவை நான் போனப்ப இவ இடத்துலயே இல்ல.”

“பாத்ரூம் போயிருந்தேன்” என்றாள் பட்டன் கட்டிலிலிருந்து. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

“அப்ப பத்து மணி மருந்து போயிருக்கு, அதோட வேலை முடிஞ்சிருக்கும். மத்தியானத்து மருந்து எதுவும் போகல” என்றாள் நர்ஸம்மா. “அப்படின்னா பத்து யூனிட். ஆனா அம்மா, நீங்க வெட்டினது குழாய்தானா? நிச்சயமா? நிஜமாவே சீட்டு இழையா இருந்து, குழாய் அப்புறமா வேற எங்கயாவது வெட்டுப்பட்டிருந்தா இந்த மருந்து ஆளைக் கவுத்துடும்.”

“குழாய்தான்” என்றாள் கத்திரியக்கா. உள்ளுக்குள் அவ்வளவு நிச்சயம் இல்லை. ஒரு நாளைக்கு ஐம்பது சீட்டு இழை வெட்டுகிற கை அது.

“இவ பேச்சை நம்பி என்னால ஏத்த முடியாது மேடம்” என்றான் தம்பி. “கொஞ்ச நேரம் முன்னாடி தெரியாதுன்னா. இப்ப தெரியும்கிறா. பயத்துல வாய்க்கு வந்ததைச் சொல்றா. அஞ்சே போடறேன்.”

“என்னங்க” என்றாள் பட்டன்.

அவன் குனிந்தான்.

“பத்து போடுங்க. அண்ணி சொன்ன நேரம்தான்.”

“ஏய், உயிர் விஷயம்.”

“என் உயிர்தானே? எனக்கு உள்ள எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியும். மத்தியானத்துலேர்ந்து ஒரு சொட்டுகூட வேலை செய்யல. பத்து போடுங்க.” மூச்சு வாங்கிவிட்டுச் சேர்த்துச் சொன்னாள்: “உங்க கை ஆடுது. மருந்தை அண்ணி இழுக்கட்டும்.”

நாலு வருஷத்தில் அந்த ஊசி, மருந்துச் சாமான்களில் ஒன்றைக்கூடக் கத்திரியக்கா தொட்டதில்லை. சின்னப் புட்டியைத் தலைகீழாகப் பிடித்து, சிரிஞ்சில் பத்தாவது கோடு வரைக்கும் இழுத்தாள். ஒரு குமிழி நின்றது. “தட்டுங்க, மேல போயிடும்” என்றாள் பட்டன். தட்டினாள். மூன்று தடவை கோட்டை எண்ணினாள். பட்டன் சிரிஞ்சை வாங்கித் தொடையில் தானே குத்திக்கொண்டாள். மணி நாலேகால்.

தம்பி புதுக் குழாயை மாட்டிப் பம்பை ஓடவிட்டான். அதற்குப் பிறகு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

ஐந்தேகாலுக்கு நானூற்று நாற்பது. “இறங்கலையே, இன்னொரு அஞ்சு போடலாமா?” என்று தம்பி போனில் கேட்டான். நர்ஸம்மா திட்டினாள். “போட்டது இன்னும் உள்ள வேலை செய்யுது சார், அவசரப்பட்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தாதீங்க. வாந்தி நின்னுச்சா? தண்ணி தங்குதா? அப்ப காத்திருங்க.” ஆறேகாலுக்கு இருநூற்றுத் தொண்ணூறு. மூச்சு தணிந்தது. தம்பி சுவரில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அக்கா பக்கம் திரும்பவேயில்லை. அவள் ரொட்டி வெட்டி வைத்தாள், அவன் தொடவில்லை. மழை தூறலாகிவிட்டிருந்தது.

ஏழு மணிக்கு நூற்று முப்பது.

“நல்ல கணக்கு” என்றான் தம்பி. கத்திரியக்கா மட்டும் கழித்துப் பார்த்தாள். முக்கால் மணியில் நூற்று அறுபது இறங்கியிருக்கிறது. இறக்கத்தில் பிரேக் இல்லாமல் வருகிற பேருந்து மாதிரி. ஏழே காலுக்கு எண்பத்திரண்டு. ஏழரைக்கு ஐம்பத்தொன்று.

வெட்டினது சீட்டு இழைதான். அவளுக்கு அப்படித்தான் பட்டது. டீ நேரத்தில் வெட்டினது சீட்டு இழை, குழாய் பிறகுதான் எங்கேயோ வெட்டுப்பட்டிருக்கிறது, மத்தியானத்து மருந்தெல்லாம் உள்ளே இருந்திருக்கிறது, அதன் மேல் பத்து யூனிட்டை இந்தக் கையால் இழுத்துக் கொடுத்தோம். 

பட்டனின் சட்டை வேர்வையில் ஊறியிருந்தது. கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. தம்பி போனில் கத்திக்கொண்டிருந்தான். “பம்பை நிறுத்துங்க, மூணு ஸ்பூன் சீனி தண்ணில கரைச்சுக் கொடுங்க, முழுங்குறாளான்னு பாருங்க, கால் மணி கழிச்சுக் குத்துங்க” என்று அந்தப் பக்கம் நர்ஸம்மா வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள். கத்திரியக்கா தம்ளரில் கரைத்துப் பட்டனின் வாயருகே கொண்டுபோனாள்.

பட்டன் தட்டிவிட்டாள். சீனித் தண்ணீர் பாதி கட்டிலில் கொட்டியது.

“குடிடி, கண்ணு இல்ல, குடி.”

“போடி” என்றாள் பட்டன். நாலு வருஷமாக ‘நீங்க’ என்றே கூப்பிட்ட வாய். “நீ வேணும்னுதான் வெட்டின. எனக்குத் தெரியும். கல்யாணத்தன்னைக்கே வெட்டியிருப்ப. பாட்டரியாம், பாட்டரி. எல்லாரும் சிரிச்சீங்க.”

“சிரிச்சேன். தப்புதான். இப்ப குடி.”

“விஷம் வச்சிருக்க.”

கத்திரியக்கா தம்ளரைத் தன் வாயில் வைத்து ஒரு மடக்குக் குடித்துக் காட்டினாள். பிறகு அவள் தாடையைப் பிடித்து, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டாள். பட்டன் முழுங்கினாள். தம்பி இன்னொரு தம்ளர் கரைத்துக் கொண்டுவந்தான். கால் மணி கழித்து ஐம்பத்தெட்டு. மறுபடி சீனி. இன்னொரு கால் மணி. அந்தக் கால் மணியில் கத்திரியக்கா கும்பிடாத சாமி இல்லை.

எண்பத்தொன்பது.

“வாந்தி எடுத்தாளே, வயித்துல ஒண்ணும் இல்லாம மருந்து மட்டும் இழுத்திருக்கு” என்றாள் நர்ஸம்மா. “மத்தியானத்துப் பதினஞ்சு யூனிட்டும் உள்ள கிடந்திருந்தா எப்பவோ விழுந்திருப்பா, இப்படி ரெண்டு தம்ளர் சீனிக்கு ஏறியிருக்கவும் மாட்டா. நேரம் சரியாத்தான் சொல்லியிருக்கீங்கம்மா. ரொட்டி கொடுங்க. பம்பைத் திரும்ப ஓடவிடுங்க. காலைல பாலத்துல தண்ணி வத்தினதும் கூட்டிட்டு வாங்க.”

தம்பி பாலத்தின் நிலவரம் பார்க்கக் கீழே இறங்கிப் போனான். போகும்போது வாசலில் நின்று, “நீ சாப்பிட்டியா?” என்று அக்காவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டான். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

பட்டன் ரொட்டியை மெள்ள மென்றாள். முகத்தில் ரத்தம் ஓடத் தொடங்கியிருந்தது.

“அண்ணி, நான் ஏதாவது உளறினேனா? சர்க்கரை இறங்கினா வாய்க்கு வந்தபடி பேசுவேன்னு அம்மா சொல்லும்.”

“ஒண்ணுமில்ல. சீனி பத்தலைன்னு சண்டை போட்ட.”

பட்டன் மெல்லுவதை நிறுத்தினாள்.

“பொய் சொல்றீங்க. எனக்குப் பாதி ஞாபகம் இருக்கு.” ரொட்டியைத் தட்டில் வைத்தாள். “அந்தப் பேச்சு நான் பேசினது இல்ல அண்ணி. ஆனா குழாயைப் பாத்தப்ப ஒரு நிமிஷம் எனக்கும் அப்படித் தோணுச்சுதான். இல்லைன்னு சொல்ல மாட்டேன்.”

“அப்புறம் என்னத்தைக் கண்டு என் பேச்சை நம்பினடி?”

“வேணும்னு வெட்டினவங்களா இருந்தா நேரம் சொல்வாங்களா? தெரியாதுன்னு சொல்லிட்டு வாயை மூடிட்டு நின்னிருப்பாங்க. தானா முடிஞ்சிருக்கும்.”

கத்திரியக்காவுக்கு யாரோ நெஞ்சில் கையை வைத்துத் தள்ளின மாதிரி ஆயிற்று. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கீழே தெருவில் யாரோ தண்ணீரைக் கலக்கிக்கொண்டு நடக்கிற சத்தம் கேட்டது. இதைச் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தக் கால் மணி நேரம் அவளுக்கும் அடுப்பங்கரைக்கும் மட்டும் தெரிந்தது.

“நின்னேன்டி” என்றாள். “அடுப்பங்கரைல கால் மணி நேரம் வாயை மூடிட்டுத்தான் நின்னேன். நீ மூச்சு விடறது கேட்டுச்சு. கேட்டுக்கிட்டே நின்னேன்.”

 பட்டன் தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்த்தாள். கண்ணோரத்தில் தண்ணீர் கட்டி, காதுப் பக்கம் வழிந்தது. கத்திரியக்கா அதைத் துடைக்கக் கையை எடுத்தாள், தொடத் தைரியம் இல்லாமல் மடியிலேயே போட்டுக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து, பட்டன் முகத்தைத் திருப்பாமலேயே இடது கையை அவள் பக்கம் நீட்டினாள்.

“மணி எட்டரை ஆகுது. குத்திப் பாருங்க.”

கத்திரியக்கா அந்த விரலைப் பிடித்தாள். நாள் முழுக்கக் குத்தி நுனியெல்லாம் புள்ளிபுள்ளியாகக் கறுத்திருந்தது. குத்தாத இடம் தேடிக் குத்தி, ரத்தத்தைப் பட்டையில் வைத்து, எண் வருவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.